கன்டரில் இருந்து பட்டாவுக்கு: மலைநாட்டில் சிறிய பாரவாகனத்துக்கு மாறுவோர் அறிய வேண்டியவை

மகாவலி ஆற்றங்கரையில் உள்ள நாவலப்பிட்டிக்கு 1874ஆம் ஆண்டு ரயில் பாதை வந்து சேர்ந்தது. தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே அந்தப் பாதை போடப்பட்டது. இன்று தேயிலைக் கொழுந்தும் மரக்கறியும் விறகும் பெரும்பாலும் வீதியால்தான் போகின்றன. கினிகத்தேனை, கொத்மலை, தொலஸ்பாகை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமும் வளைவும்தான். இந்த வீதிகளில் ஒரு வண்டியை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. பெரிய வண்டியை விற்றுவிட்டுச் சிறியதொன்றை வாங்குவது என்பது அத்தகைய குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை.

கன்டர் என்று நாம் சொல்லும் லொறி ரகத்தில் இருந்தோ, பெரிய கெப் வாகனத்தில் இருந்தோ மாறுகின்றவர்கள் முதலில் பார்ப்பது பட்டாவைத்தான். 2005இல் இந்தியாவில் டாட்டா நிறுவனம் ஏஸ் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இந்தச் சிறிய லொறி, இலங்கையில் அதனை இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து டிமோ பட்டா ஆனது. வடக்கிலும் மலையகத்திலும் இன்று அது ஒரு வாகன ரகத்தின் பெயராகவே வழங்குகிறது. ஆரம்பகால ஏஸ் வண்டியின் டீசல் இயந்திரம் இரண்டு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 702 கன சென்ரிமீற்றர், வலு 16 குதிரைவலு. ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. சில்லின் விட்டம் 12 அங்குலம்.

எரிபொருள் தந்த பாடம்

எரிபொருள் இல்லாமல் வாகனம் ஓட்டுவது எம்மவர்களுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாம். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களும் அந்தத் தடையை அனுபவித்தன. 2022இல் அதே நிலை முழு நாட்டுக்கும் வந்தது.

2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் அது 460 ரூபா ஆனது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது லொறிக்கு வாரம் 50 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயணத்துக்குப் பெரிய வண்டி 10 லீற்றரும் சிறிய வண்டி 5 லீற்றரும் குடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லீற்றர் 121 ரூபாவாக இருந்தபோது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 605 ரூபா. 460 ரூபாவாக ஆனபோது 2,300 ரூபா. மாதம் 20 பயணம் போகிறவருக்கு 46,000 ரூபா. சிறிய வண்டியின் பக்கம் பலரும் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

பாரத்தைக் கணக்கிடுங்கள்

ஆனால் இந்த மிச்சம் எல்லோருக்கும் கிடைக்காது. 50 கிலோ மூட்டை என்றால் 750 கிலோ என்பது 15 மூட்டை. உங்களுக்கு வழமையாக 25 மூட்டை வருமென்றால் பட்டா இரண்டு தடவை போக வேண்டும். மேலே சொன்ன கணக்கின்படி 5 லீற்றர் இரண்டு தடவை 10 லீற்றர். மிச்சம் எதுவுமில்லை, சாரதியின் அரை நாளும் போய்விடும். வண்டியை மாற்றுவதற்கு முன் ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு பயணத்தின் பாரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முக்கால்வாசிப் பயணங்கள் 15 மூட்டைக்குள் அடங்கினால் மாறலாம். மீதிக்கு வாடகை லொறி பிடிக்கலாம்.

25 மூட்டையையும் ஒரே தடவையில் பட்டாவில் ஏற்றுவது ஆபத்து. ஹட்டன் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்திலும், நாவலப்பிட்டி ஏறத்தாழ 590 மீற்றரிலும் இருக்கின்றன. மேலிருந்து இறங்கும் வண்டி அரைக் கிலோமீற்றருக்கு மேல் உயரம் இழக்கிறது. அந்த வேகத்தை முழுக்கப் பிரேக்கால் பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பாரம் கூடக்கூடச் சூடும் கூடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசலை மிச்சம்பிடிக்கவென்று நியூட்ரலில் விடவே கூடாது. சிறிய சில்லுக்குத் தோட்ட வீதியின் குழிகள் பெரியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடனும் பத்திரங்களும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிகளால் புதிய வண்டியின் விலை உயர்வாகவே உள்ளது. எனவே பெரும்பாலானோர் பாவித்த வண்டியைத்தான் வாங்குவார்கள். அப்போது கவனிக்க வேண்டியவை:

- பெரிய வண்டி லீசிங்கில் இருந்தால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் நிறுவனமே. மீதிக் கடனைத் தீர்த்து விடுவிப்புக் கடிதம் பெறாமல் விற்பனை பேசாதீர்கள். கட்டிமுடிக்க வேண்டிய மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
- 'ஓப்பன் பேப்பரில்' விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பெயர் மாற்றப்படாத வண்டி விபத்தில் சிக்கினாலோ சட்டவிரோதப் பொருள் ஏற்றினாலோ, பொலிஸார் முதலில் தேடி வருவது பதிவு செய்யப்பட்ட உரிமையாளரைத்தான். விசாரணை என்று அலைவது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை எமது மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.
- இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விபரத்தை உறுதிப்படுத்துங்கள்.
- காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். கூலிக்கு ஓடுவதானால் அதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மறைத்தால் நட்டஈடு மறுக்கப்படலாம்.
- பாரம் ஏற்றிய வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சமதரையில் நன்றாக ஓடும் வண்டி மலையில் மூச்சுவாங்கும்.

பெரிய வண்டியை விற்ற பணத்தில் பழைய கடன் தீர்ந்து, புதிய லீசிங் இல்லாமலே சிறிய வண்டி வருமானால் அது நல்ல மாற்றம். வேலை குறைந்த மாதத்திலும் வண்டி வாசலிலேயே நிற்கும். தவணை தவறியதென்று யாரும் பறித்துக்கொண்டு போக முடியாது. சிறிய வண்டிக்கும் பெரிய தவணை கட்ட வேண்டி வந்தால், அடுத்த எரிபொருள் நெருக்கடியில் அது ஓடாமல் நிற்கும்போதும் தவணைத் திகதி வரத்தான் செய்யும்.