கணினித் திரையில் அரபி எழுத்து

அரபியின் 28 எழுத்துகளும் வலமிருந்து இடமாகக் கோத்து எழுதப்படுபவை. சொல்லின் முதல், இடை, கடை, தனிநிலை என நிற்கும் இடத்துக்கேற்ப எழுத்தின் வடிவம் மாறும். அலிஃப், தால், வாவ் உள்ளிட்ட ஆறு எழுத்துகள் மட்டும் தமக்குப் பின்வருவதோடு சேர்வதில்லை. எண்களோ இடமிருந்து வலமாகவே ஓடும். ஒரு குறிக்கு ஒரு வடிவம், எப்போதும் ஒரே திசை என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட மென்பொருள்களில் அரபிச் சொற்கள் வரிசை புரண்டு, எழுத்து எழுத்தாக அறுந்து தெரிந்தன.

டாஸ் காலத்தில் ஐபிஎம்மின் 864 என்னும் குறியீட்டு அட்டவணை வடிவங்களுக்கே தனித்தனி எண்கள் தந்தது. திரையில் எழுத்து ஒட்டி நின்றது. ஆனால் ஒரே எழுத்துக்குப் பல எண்கள் என்பதால் தேடலும் அகர வரிசையும் சிக்கலாயின. 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-6 தரம் எழுத்துக்கு ஒரே எண் தந்து, வடிவத்தை மென்பொருளின் பொறுப்பில் விட்டது. யூனிகோடும் இதே வழியில் சென்றது. பழைய தரவுகளுக்காக மட்டுமே அது வடிவக் குறிகளைத் தனியே வைத்துக்கொண்டது.

அந்த வடிவக் குறிகளே நிரலாளர்களுக்குக் குறுக்குவழியாயின. அரபி தெரியாத மென்பொருளில் சொற்றொடரை வடிவக் குறிகளாக மாற்றி, வரிசையைத் திருப்பிப் போட்டால் பொத்தானில் சரியாகத் தெரியும். அதே தொடர் சற்று நீண்டு அடுத்த வரிக்கு மடிந்தாலோ, வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் முதல் வரிக்கு வந்துவிடும். பயனர் தட்டச்சிடும் சொல்லைத் தேடல் கண்டுபிடிக்காது. கண்ணுக்கு மட்டும் செய்த இந்தத் திருத்தம் உரையையே கெடுத்தது. இதைத் தீர்வு என்று சொல்லவே முடியாது.

சரியான தீர்வு, உரையைத் தொடாமல், வரையும் கட்டத்தில் வடிவத்தையும் திசையையும் முடிவு செய்வதே. விண்டோஸ் 2000இல் யூனிஸ்க்ரைப், 2002இல் வந்த ஜிடிகே 2 என்னும் இடைமுக நூலகத்தில் பாங்கோ, பின்னர் ஹார்ஃப்பஸ் ஆகிய உரை வரையும் நிரலகங்கள் இந்த வேலையை ஏற்றன. தமிழில் ககரத்துக்குப் பின் பதிவாகும் ஒற்றைக்கொம்பை அதன் முன்னே கொண்டுவந்து ‘கெ’ எனக் காட்டுபவையும் இவைதாம். லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் 2017இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸைக் கொண்டது.

எழுத்து ஒட்டிய பின்னும் திசைச் சிக்கல் ஓயவில்லை. அரபி அறிவிப்பின் நடுவே ஆங்கிலக் கோப்புப் பெயர் வந்தால், அதை ஒட்டிய எண்ணோ நிறுத்தக்குறியோ இடம் மாறி நின்றது. 2013இல் யூனிகோடு 6.3, செருகப்படும் பகுதியைச் சுற்றியுள்ள உரையிலிருந்து பிரித்துவைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் சேர்த்தது. அவற்றை அந்தப் பெயரின் இருபுறமும் இட்டால் இரு திசைகளும் ஒன்றையொன்று குலைப்பதில்லை.