மோட்டார் ஆசனமும் இறப்பர் தோட்டமும்

மோட்டார் வண்டியில் ஏறி அமருகின்ற ஒருவர் அதன் இயந்திரத்தைப் பற்றி வினவுவார்; சில்லுகளைத் தட்டிப் பார்ப்பார்; எண்ணெய்ச் செலவைக் கணக்கிடுவார். தாம் அமர்ந்திருக்கும் ஆசனம் எதனால் ஆயது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், வழி கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் கொண்டுபோய் விடும். அச்சரிவுகளில் விடியுமுன் எழுந்து பால்வெட்டிய மக்களின் உழைப்பு, உலகின் பெருநகரங்களில் ஓடிய வண்டிகளின் மெத்தைகளுள்ளே ஒரு காலத்தில் உறைந்து கிடந்தது.

இலங்கைக்கு மோட்டார் வண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வந்து சேர்ந்தது. அதே காலத்தில்தான் களனிப் பள்ளத்தாக்கின் சிறிய இருப்புப்பாதையும் அமைந்தது. 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் அப்பாதை எட்டியது. தோட்டத்து விளைபொருள் புகைவண்டியிற் சென்றது. தோட்டத்துத் துரையோ மெல்ல மெல்லக் குதிரையை விட்டு மோட்டாருக்கு மாறினார். வளைந்து வளைந்து ஏறும் மலைப் பாதைகளில் குதிரை களைப்படையும், மோட்டார் சூடேறும். இரண்டில் சூடேறுவதையே துரைமார் தெரிந்துகொண்டனர்.

அக்காலத்து வண்டியின் உட்புறம் குதிரை வண்டியின் உட்புறத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. செய்தவர்களும் பெரும்பாலும் பழைய வண்டிக் கம்மியரே. மரச்சட்டத்தின்மேல் சுருள்வில்களைப் பொருத்தி, அவற்றின்மேல் குதிரை மயிரைத் திணித்து, பதனிட்ட தோலால் மூடி, பொத்தான்கள் வைத்துத் தைத்தனர். மேனாட்டுச் செல்வர் வீட்டு மூடுவண்டிகளில் ஒரு விந்தை உண்டு. சாரதி அமரும் முன்னாசனம் தோலால் ஆயது. எசமானர் அமரும் பின்னாசனம் மெல்லிய கம்பளித் துணியால் ஆயது. இன்று தோலாசனம் செல்வத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. அன்று மழையில் நனையும் வேலைக்காரனுக்குத் தோல். நனையாத எசமானருக்குத் துணி. பொருளின் மதிப்பு அதன் இயல்பினால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சபரகமுவவிலோ அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. மேற்கூரையை மடித்து வைக்கும் திறந்த வண்டிகளில் முன்னாசனமும் நனையும்; பின்னாசனமும் நனையும். நனைந்த தோலை வெயிலிற் காயவிட்டால் அது வெடிக்கும். நிழலிலே அடைத்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும். பங்களாவின் வண்டிக் கொட்டகையில் ஒரு கிழமை மூடிக் கிடந்த வண்டியின் கதவைத் திறந்தால், ஆசனத்தின்மேல் வெண்சாம்பல் தூவினாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். ஆதலால் ஆசனத்தைப் பேணுவது இப்பகுதியில் சாரதியின் அன்றாடக் கடமையாயிற்று. ஈரத்துணியால் துடைத்தல், மென்மையான சவர்க்கார நீரால் தையலிடுக்குகளைத் தேய்த்தல், உடனே உலர்ந்த துணியால் ஒற்றுதல், காற்றோட்டமான நிழலிற் கதவுகளைத் திறந்து வைத்தல், முற்றும் உலர்ந்தபின் தோலுக்குரிய மெழுகை மிகச் சிறிதளவு பூசுதல் என்பன அதன் படிகள். தேங்காயெண்ணெய் எளிதிற் கிடைப்பதால் அதைப் பூசிப் பார்த்தோரும் உண்டு. அது சிலநாள் மினுக்கும், பின்னர்ச் சிக்கு நாற்றம் வீசும், புழுதியையும் ஈர்க்கும்.

துரையின் ஆசனத்தில் பூஞ்சணம் வளர்த்த அதே மழை, லயத்தில் வாழ்ந்தவனின் அடுப்பையும் அணைத்தது. அது எவ்வாறென்பதை அறிய இறப்பரின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டிலிருந்து விக்கம் என்பவர் கொணர்ந்த வித்துக்கள் இலண்டனுக்கு அணித்தான கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் 1900க்கும் மேற்பட்ட நாற்றுக்கள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. முதல் இருபதாண்டு காலம் அவற்றைப் பெரிதாக மதித்தவர் எவருமிலர். மோட்டார் வண்டியின் சில்லுக்குக் காற்றடைத்த இறப்பர் வேண்டியிருந்தபோதுதான் காலம் மாறியது. 1910ஆம் ஆண்டில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை இலண்டனில் 12 சிலிங்குக்கும் மேல் உயர்ந்தது. கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் காடுகள் அழிந்தன. இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அவ்வரிசைகளினிடையே தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் குடியேறினர்.

பால்வெட்டு எளிய தொழிலன்று. குளிர்ந்த வேளையில்தான் மரம் நன்கு பால் சுரக்கும். ஆகவே விடியுமுன் கத்தியும் வாளியும் கொண்டு புறப்பட வேண்டும். பட்டையைச் சரிவாக, மிக மெல்லியதாகச் சீவவேண்டும். சற்று ஆழமாகச் சென்றால் உள்ளிருக்கும் உயிர்ப்படை காயமுற்று மரம் கெடும். ஆழம் குறைந்தால் பால் வராது. அந்த மயிரிழை அளவைக் கையே அறியும், கண் அறியாது. ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ முந்நூறு மரங்களை வெட்டிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலை மீண்டும் சென்று சேகரிப்பர். மழை பெய்த காலையில் பட்டை நனைந்திருக்கும், நீர் பாலோடு கலந்து வழிந்தோடும், அன்று வெட்டில்லை. வெட்டில்லாத நாளின் கூலியும் பலவேளைகளில் இல்லை. உலகின் வேறெந்தத் தொழிலாளியும் வானத்தை இத்துணை கவலையுடன் நோக்கியிருப்பானா என்பது ஐயமே. உழவன் மழை வேண்டி நோக்கினான். பால்வெட்டுவோன் மழை வேண்டாமென்று நோக்கினான்.

சேர்த்த பாலின் பெரும்பகுதி அமிலமிட்டு உறைய வைக்கப்பட்டு, தாள்களாகவும் வெண்ணிறக் கிறேப்பாகவும் ஏற்றுமதியானது. அவை சில்லுக்கும் சப்பாத்துக்கும் பயன்பட்டன. பால் பாலாகவே கடல் கடந்தது பின்னர் நிகழ்ந்தது. அமோனியா சேர்த்தால் பால் உறையாது நிற்கும். சுழற்றுப் பொறியிலிட்டால் நீர் பிரிந்து பால் செறிவுறும். 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து டன்லப் ஆய்வுகூடத்தில் மர்பி என்பவரும் அவருடைய துணைவரும் இத்தகைய பாலை நுரைக்கக் கடைந்து, அந்நுரை அடங்குமுன் உறையவைத்துச் சூடேற்றி, எண்ணிறந்த நுண்ணறைகள் கொண்ட மெத்தையைச் செய்தனர். கடைவதற்கு அவர் முதலிற் பயன்படுத்தியது வீட்டில் கேக் செய்யும் கலக்கு பொறியே என்று சொல்லப்படுகின்றது. பேருந்துகளிலும் அரங்குகளிலும் பின்னர் மோட்டார் வண்டிகளிலும் குதிரை மயிரின் இடத்தை இந்நுரை இறப்பர் பற்றிக்கொண்டது. ஜெர்மானிய வண்டிகள் பலவற்றில் தென்னந்தும்பை இறப்பர்ப் பாலால் பிணைத்த மெத்தைகளும் இடம்பெற்றன. தும்பும் பாலும் ஆகிய இரண்டும் இலங்கை மண்ணுக்கு உரியவை.

ஆனால் அந்த மெத்தையின்மீது அமர்ந்தவர் யார்? பால்வெட்டுவோனுக்கு மோட்டாரின் உட்புறம் வாழ்நாளில் ஓரிரு முறை கிட்டியது. திருமணத்துக்கு அமர்த்திய வாடகைக் காரில் மணமகனாக ஒருமுறை. நோயுற்று வைத்தியசாலைக்குச் செல்லுங்கால் ஒருமுறை. அதற்கும் பல தோட்டங்களில் லொறியின் பின்தட்டே கிடைத்தது. பேறுகால வேதனையுற்ற பெண்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக் குண்டும் குழியுமான பாதையில் கொண்டுசென்ற செய்திகள் நெடுங்காலம் ஓயவில்லை. 1942இல் மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கிய முதன்மையான இடங்களில் இலங்கையும் ஒன்றாயிற்று. போருக்காக மரங்கள் தாங்கும் அளவுக்கு மீறி வெட்டப்பட்டன. 1952இல் சீனத்துடன் செய்த ஒப்பந்தத்தால் இறப்பர் சென்றது, அரிசி வந்தது. நாட்டுக்கு அரிசி கொணர்ந்த அக்கைகளுக்கு உரியோரில் மிகப் பலர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயிருந்தனர் என்பதையும் இவ்விடத்தே குறித்தல் வேண்டும்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் இறக்குமதி நின்றுபோயிற்று. அதுவரை வந்திருந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் வண்டிகளே பல்லாண்டு ஓட வேண்டியவையாயின. அப்போது சிற்றூர்களிலும் தழைத்தது குஷன் வேலை என்னும் கைத்தொழில். கிழிந்த தோலுக்குப் பதில் றெக்சின். தேய்ந்த நுரைக்குப் பதில் தும்பு. தளர்ந்த சுருள்வில்லுக்குப் பதில் சணல்வாரும் பழைய ரியூபைக் கீறிய இறப்பர் வாரும். பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கும் வழக்கம் அக்கடைகளில் இருந்ததில்லை.

நுரை இறப்பரின் இயல்பை அறிந்தவரிடம் அது நெடுநாள் உழைக்கும். அதற்குப் பகை மூன்று: வெயில், எண்ணெய், செம்பு. வெயிலும் வெப்பமும் பட்டால் பிராணவாயு அதனைத் தாக்கி மஞ்சளாக்கும். பின் அது பிட்டுப்போல் உதிரும். ஆகவே கிழிந்த உறையை அன்றே தைக்க வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ கொண்டு கறையைத் துடைத்தால் அது கசிந்துசென்று நுரையை வீங்கச் செய்யும். செம்பைப் பற்றி இறப்பர் ஆலைக்காரர் நன்கறிவர். செம்புப் பாத்திரத்தைப் பாலின் அருகே விடார். தரையிலிடும் இறப்பர் விரிப்புக்களோ வேறொரு வகையில் ஏமாற்றுவன. மேலே உலர்ந்து காணப்படும். கீழே நீர் தங்கித் தகட்டைத் துருவேற்றும். மழைக்காலத்தில் கிழமைக்கொருமுறை அவற்றை எடுத்துக் கீழே தடவிப் பார்த்தல் நன்று.

1977க்குப் பின் இறக்குமதி திறந்தது. யப்பானிய வண்டிகள் வந்தன. அவற்றின் மெத்தை கல்லெண்ணெயிலிருந்து செய்த செயற்கை நுரை. மலைச்சரிவின் பாலுக்கு அங்கே இடமில்லை. விலை மலிவும் எடைக் குறைவும் அதற்குக் காரணம். சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் போலின் 1959இல் அமைத்த மூன்றுமுனை ஆசனப்பட்டி இலங்கையில் முன்னாசனங்களுக்கு 2011இல் கட்டாயமாயிற்று. அப்பட்டியையும் ஆசனத்தைப் போலவே பேண வேண்டும். வெளிற்றும் தூளின்றி மென்சவர்க்காரத்தால் கழுவி, நிழலில் முற்றும் உலர்ந்தபின்னரே சுருள விடவேண்டும். இழை பிரிந்த பட்டி விபத்தின்போது தாங்காது.

2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரி நீரில் மூழ்கியது. வீடும் உயிரும் இழந்தோரின் துயரத்தின்முன் வண்டியின் இழப்பு சிறிதே. எனினும், நீர் வடிந்தபின் வண்டியையே பிழைப்பாகக் கொண்டோர் ஆசனங்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவிக் காயவைக்கும் வேலையில் இறங்க வேண்டியிருந்தது. நனைந்த மெத்தையை உறையோடு காயவைப்பதிற் பயனில்லை. உறையைப் பிரித்து, நுரையை முறுக்காமல் அழுத்தி நீரை வெளியேற்றி, காற்றில் நிமிர்த்தி வைத்தால்தான் நாற்றம் நீங்கும்.

2020ஆம் ஆண்டு இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை 2025இலேதான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில், இருக்கும் வண்டியையே பேணி ஓட்டுதல் தவிர வேறு வழி இருக்கவில்லை. குஷன் வேலைக்காரனுக்கு மீண்டும் வேலை வந்தது. இம்முறை அவன் கடைவாசலில் நின்றவை பெரும்பாலும் முச்சக்கர வண்டிகள். அவற்றின் உரிமையாளரிற் பலர், பால்வெட்டியோரின் பேரப்பிள்ளைகள். கறுப்பு றெக்சினுக்குச் சிவப்பு விளிம்பு வைத்து, முதுகுப்பக்கம் சற்று உயர்த்தி, மழைத்திரைக்குப் புதிய கொக்கி போடச் சொல்லி அவர்கள் கேட்பர். தைத்து முடிந்ததும் பின்னாசனத்தில் தாமே ஒருமுறை அமர்ந்து, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதன்பின்னரே வாடகைக்கு எடுத்துச் செல்வர்.