ஐம்பதாம் நாளில் மூடாத கதவு

போன தவணை ஒரு தாய் தன் மகனோடு வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பையன் ஏழாம் தரம். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். கொவிட்டுக்காகப் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது மூன்றாம் தரத்தில் இருந்தவன். அந்த மாதங்களில் அவனுக்கு ஆசிரியர் என்றால் உம்மாவின் போனில் வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவு மட்டும்தான்.

"வாசிக்கப் பழகுற வயசு போயிட்டு சேர். இனி இவனுக்கு ஏறாது." பையனை வைத்துக்கொண்டே சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இதே தீர்ப்பை விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் ஒரு குருவிக்கு வழங்கினார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள். அந்த வரலாற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பெற்றோரும் ஆசிரிய நண்பர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1950களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற ஆய்வாளர் சாஃபின்ச் எனும் சிறு பறவையின் குஞ்சுகளைத் தனியாக வளர்த்தார். ஒலியைப் படமாக வரைந்து காட்டும் கருவி அப்போதுதான் ஆய்வாளர் கைகளுக்கு வந்திருந்தது. அந்தப் படங்களில் விடயம் தெளிவாகத் தெரிந்தது. தன் இனத்தின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த குஞ்சும் பாடியது, ஆனால் ஒழுங்கில்லாத அரைகுறைப் பாட்டாக. பாடும் ஆசை பிறப்போடு வருகிறது, பாட்டைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

அங்கே அவரோடு இருந்த பீட்டர் மார்லர் முதலில் தாவரவியல் படித்தவர். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது, ஒரே பறவை இடத்துக்கிடம் வேறு மாதிரிப் பாடுவதைக் கவனித்தார். 1957இல் அமெரிக்காவின் பேர்க்லிக்குப் போனார். சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சுற்றி வாழும், தலையில் வெள்ளைக் கோடுள்ள குருவிகளில் இதையே ஆராய்ந்தார். அக்கரைப்பற்று ஆளையும் புத்தளத்து ஆளையும் நாம் பேச்சை வைத்தே பிரித்துவிடுகிறோம் அல்லவா? அந்தக் குருவிகளுக்கும் ஊருக்கு ஊர் அப்படி ஒரு வழக்கு இருந்தது. 1964இல் அவரும் தமுராவும் வெளியிட்ட கட்டுரை, அந்த வழக்கு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறை பழகிக்கொள்வது என்று காட்டியது.

மார்லரின் மாணவர் மசகாசு கொனிஷி, ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். 1965இல் அவர் காட்டியது இன்னும் ஆழமானது. பெரியவர்களின் பாட்டை நன்றாகக் கேட்டு வளர்ந்த குஞ்சுகூட, தான் பாடத் தொடங்குமுன் செவிப்புலனை இழந்தால் அந்தப் பாட்டைப் பாட முடியவில்லை. குரு பாடியதைக் கேட்டால் மட்டும் போதாது. தன் குரலையும் தானே கேட்டு, மனதிலுள்ள பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மார்லரின் இன்னொரு மாணவர், ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த பெர்னாண்டோ நொட்டபோம், 1976இல் கனேரிப் பறவையின் மூளையில் பாட்டுக்கென்றே உள்ள பகுதிகளை அடையாளம் கண்டார்.

இதற்கிடையில் 1970இல்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. மார்லர் குஞ்சுகளுக்கு ஒலிப்பதிவு நாடாவில் பாட்டைப் போட்டுக் காட்டினார். ஏறத்தாழ 10ஆம் நாளிலிருந்து 50ஆம் நாள் வரை கேட்டவை பழகிக்கொண்டன. அதற்குப் பிறகு கேட்டவை பழகவில்லை. ஐம்பது நாளில் கதவு பூட்டப்படுகிறது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹொங்கொங்கில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய லூயிஸ் பப்டிஸ்டா அந்த முடிவைத் திரும்பப் பரிசோதித்தார். அவரும் பெட்ரினோவிச்சும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் நாடா இல்லை. ஐம்பது நாள் தாண்டிய குஞ்சுகளுக்குப் பக்கத்தில் பாடுகிற ஓர் உயிருள்ள பறவையை வைத்தார்கள். குஞ்சுகள் பழகிக்கொண்டன! பக்கத்தில் இருந்தது வேற்றினப் பறவையானபோது, அதன் பாட்டைக்கூடப் பழகின. தம் இனத்தின் பாட்டு எங்கிருந்தோ காதில் விழுந்துகொண்டிருந்தும், கண்ணுக்கு முன்னால் இருந்தவரிடமே கற்றுக்கொண்டன.

மார்லரின் அளவீடு பிழையல்ல. அவர் அளந்தது நாடாவால் எவ்வளவு காலம் கற்பிக்கலாம் என்பதை. நாம் அதைக் குருவியின் எல்லை என்று வாசித்துவிட்டோம்.

இதற்கு மூளைக்குள் என்ன காரணம் என்பதை 2018இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் ஸீப்ரா பிஞ்ச் பறவைகளில் காட்டினார்கள். குரு நேரில் இருந்து பாடும்போது, குஞ்சின் மூளையில் டோபமைன் சுரக்கும் சில நரம்புக்கலங்கள் விழித்தெழுகின்றன. அதே பாட்டு ஒலிபெருக்கியில் வந்தால் அவை அசைவதில்லை.

குரு இல்லாமல் போனால் நடப்பதை அவுஸ்திரேலியக் காடுகள் காட்டுகின்றன. ரீஜன்ட் ஹனிஈட்டர் என்ற பறவை அங்கே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வின்படி ஆண் பறவைகளில் 12 சதவீதம் தம் இனப் பாட்டையே பாடுவதில்லை, வேற்றினப் பாட்டைப் பாடுகின்றன. கற்றுத்தர மூத்த பறவை பக்கத்தில் இல்லை.

பிள்ளை குருவியல்ல. வாசிப்பு பாட்டுமல்ல. ஒன்றின் முடிவை மற்றதற்கு அப்படியே ஒட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்து "இனி ஏறாது" என்று சொல்லுமுன், எந்த நாடாவை வைத்து அவனை அளந்தோம் என்று நம்மை நாமே கேட்கலாம்.

அந்தத் தாயிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "விடுங்க, நான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். இப்போது பாடசாலை விட்டபின் பதினைந்து நிமிடம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறோம். நான் ஒரு வரி வாசிப்பேன், அவன் ஒரு வரி, சத்தமாக. இன்னும் தடுமாறுகிறான்.

நேற்று ஒரு சொல்லைப் பிழையாக வாசித்தான். நான் வாய் திறக்குமுன் நிறுத்தினான், திரும்பப் போய்ச் சரியாக வாசித்தான். தன் குரல் அவனுக்குக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், போனைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.