பிலிகுண்டுலு

பிலிகுண்டுலு, கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்தில், காவிரிக்கரையில் காடு சூழ அமைந்துள்ள சிற்றூர். எதிர்க்கரை கர்நாடகம். ஓசூர்த் தொழிற்பகுதியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக இவ்வூரை அடையலாம். இங்கிருந்து கீழே பாயும் ஆறு ஒகேனக்கல்லைச் சென்றடைகிறது.

நீரளவு: மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இங்கு உள்ளது. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீர் கனஅடியில் கணக்கிடப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரும் இங்கேயே அளக்கப்படுகிறது. டெல்டா உழவரின் சாகுபடி இந்த அளவையும் பொறுத்தது.

காடும் உயிரினங்களும்: இவ்வனப்பகுதியில் காவிரி வடக்கு காட்டுயிர்ச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. ஆற்றோரம் நீர்மருது மரங்கள் வளர்கின்றன. அவற்றின் கிளைகளில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. ஆற்றில் நீர்நாயும் முதலையும் வாழ்கின்றன. யானைகள் தண்ணீர் தேடி ஆற்றுக்கு வருகின்றன. கேழ்வரகு விளையும் காலத்தில் வயல்களிலும் இறங்குகின்றன.

பயணம்: யானை நடமாட்டம் உள்ளதால் காட்டுச்சாலையில் பகலில் செல்வதே பாதுகாப்பானது. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை. முதலைகள் வாழும் ஆற்றில் இறங்குவதும், வெள்ளக்காலத்தில் கரையை நெருங்குவதும் ஆபத்தானவை.