மலை விடுதிகளின் வெந்நீர்க் குழாயில் லெஜியோனெல்லா: தடுப்பது எப்படி?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 2023-ஆம் ஆண்டு சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் தங்க விருது பெற்றது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த காந்தலூர். இத்தகைய குளிர்ந்த மலைப்பகுதிகளின் விடுதிகளில் வெந்நீர் அத்தியாவசியத் தேவை. ஆனால் போதிய சூடின்றித் தேங்கும் வெந்நீர், லெஜியோனெல்லா பாக்டீரியா பெருக ஏற்ற இடமாகும்.

நோய் அறியப்பட்டது எவ்வாறு?

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் அமைப்பான ‘அமெரிக்கன் லீஜன்’ மாநாடு நடைபெற்றது. அதையொட்டி 182 பேர் கடும் நிமோனியாவால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 29 பேர் உயிரிழந்தனர். அதற்குக் காரணமான பாக்டீரியா 1977 ஜனவரியில் கண்டறியப்பட்டது. அமைப்பின் பெயரே நோய்க்கும் சூட்டப்பட்டது.

பரவும் விதம்

ஷவர், குளிரூட்டும் கோபுரம், செயற்கை நீரூற்று ஆகியவற்றிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால் தொற்று ஏற்படுகிறது. பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை. பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தோன்றும். விடுதியில் தொற்றியவர் ஊர் திரும்பிய பிறகே நோயுறக்கூடும் என்பதால், தங்கிய இடத்தை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். முதியோர், புகைபிடிப்போர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு ஆபத்து அதிகம். உரிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் நோயைக் குணப்படுத்தலாம்.

வெப்பநிலையே முதல் காவல்

இப்பாக்டீரியா 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை வளரும். 35 டிகிரியையொட்டி வேகமாகப் பெருகும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். எனவே வெந்நீர்த் தொட்டியில் குறைந்தது 60 டிகிரியும், குழாய் முனையில் 50 டிகிரியும் இருக்க வேண்டும். மேகமூட்டமான நாட்களில் சூரியசக்தி ஹீட்டர் இந்த அளவை எட்டாமல் போகலாம். அப்போது மின்சாரத்தால் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும். இந்தச் சூட்டில் தோல் வெந்துவிடும் என்பதால், தண்ணீர் வெளியேறும் இடத்தில் குளிர்நீருடன் கலக்கும் வால்வு தேவை.

பூட்டிய அறைகளில் கவனம்

சீசன் அல்லாத மாதங்களில் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது குழாய்களில் நீர் தேங்கி, குளோரினின் வீரியமும் குறைகிறது. ஆகவே, பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறையேனும் சில நிமிடங்கள் திறந்துவிட வேண்டும். அப்போது ஷவர் தலையைக் கழற்றிவிட்டால் துளிகள் தெறிப்பது குறையும். ஷவர் தலையில் படியும் உப்பையும், தொட்டியில் சேரும் வண்டலையும் அவ்வப்போது அகற்றுவதுடன், பயனற்ற குழாய்க் கிளைகளை நீக்குவதும் நல்லது.

வெப்பமானியும் பராமரிப்புப் பதிவேடும் இருந்தால், சிறிய விடுதிகளும் இவற்றைக் கடைப்பிடிக்க இயலும்.