தொடர்வண்டி விளையாட்டுகளில் தொலைக்கட்டுப்பாடு

கணினித் தொடர்வண்டி விளையாட்டுகளில் இன்ஜினை இயக்கப் பொதுவாக இரு வழிகள் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து ஒரே குமிழைத் திருகி ஓட்டும் தொலைக்கட்டுப்பாடு. மற்றொன்று, ஓட்டுநர் அறையில் இருந்து நெம்புகோல்களால் ஓட்டுவது. முன்னது பொம்மை ரயிலின் வழிவந்தது. பின்னது உண்மையான ரயிலைப் பின்பற்றுவது.

பொம்மை ரயிலில் தொடக்கம்

மின்சாரப் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளமே மின்கம்பி. கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருகினால் மின்னழுத்தம் மாறி வேகம் கூடும் அல்லது குறையும். ஆனால் ஒரே பாதையில் இரண்டு இன்ஜின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். இக்குறையை ‘டிசிசி’ எனப்படும் எண்முறைக் கட்டுப்பாடு நீக்கியது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவன முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத்தரமாக்கியது. இதில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் உண்டு. தன் எண்ணுக்கு வரும் கட்டளைக்கு மட்டுமே அது பணியும்.

கணினிக்கு வந்த விதம்

கணினி விளையாட்டுக்கும் பொம்மை ரயிலுக்கும் உள்ள உறவு பழையது. 1962ஆம் ஆண்டின் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டுக்குக் கைக்கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்த ஆலன் கோடோக், பாப் சாண்டர்ஸ் இருவரும் எம்.ஐ.டி. மாதிரி ரயில் மன்றத்தினர். 1996இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டென்ஷா டி கோ’ விளையாட்டில், வேகத்துக்கும் பிரேக்குக்கும் தனித்தனிக் கைப்பிடிகள் இருந்தன. குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்துவதே அதில் வெற்றி. 2001இல் ‘மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்’ வந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஆரான் நிறுவனம் வெளியிட்ட ‘டிரெயின்ஸ்’ விளையாட்டு, டிசிசி முறை, ஓட்டுநர் அறை முறை இரண்டையும் தந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

தொலைக்கட்டுப்பாட்டில் குமிழைத் திருப்பினால் வண்டி எளிதில் பணிந்துவிடும். உண்மையான ரயில் அப்படி நிற்பதில்லை. இந்திய ரயில்களின் பிரேக் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அளவில் இருக்கும். அதைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். நீண்ட சரக்கு ரயிலில் இந்த மாற்றம் கடைசிப் பெட்டியை எட்டச் சில நொடிகள் ஆகும். எனவே ஓட்டுநர் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். ஓட்டுநர் அறை முறை கற்றுத்தருவது இந்த முன்யோசனையைத்தான்.

உள்ளூர் வரலாற்றுக்குப் பயன்

ஜவளகிரி அமைந்துள்ள இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் குறுகிய ரயில்பாதைகள் இருந்தன. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905இல் திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் அமைந்த பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. இவற்றில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் இரண்டரை அடிதான். பின்னர் இரு பாதைகளும் மூடப்பட்டன.

‘டிரெயின்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் பாதைகளை நாமே அமைக்கும் வசதி உண்டு. பழைய வரைபடங்களைக் கொண்டு மாணவர்கள் இப்பாதைகளை மீண்டும் உருவாக்கலாம். ஊர்களின் வரிசையையும் பாதையின் வளைவுகளையும் பார்க்கத் தொலைக்கட்டுப்பாடு போதும். அந்த ஏற்ற இறக்கங்களில் வண்டி ஓட்டியவர்களின் உழைப்பை உணர, ஓட்டுநர் அறைக்குள் சென்றுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.