நந்தா விளக்கு: ஓர் எதிர்மறையின் பொருள்

இடைக்காலக் கல்வெட்டுகளில் ஒரே கொடைப்பொருள் நந்தா விளக்கு, நுந்தா விளக்கு, நொந்தா விளக்கு என மூன்று வடிவங்களில் வருகிறது. இவற்றுள் 'நுந்தா'வே மூலவடிவம், நுந்துதல் என்பது தூண்டுதல், ஆகவே இது 'தூண்டா விளக்கு' என்று ஒரு கருத்து நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதை ஏற்பதற்கில்லை.

திரியும் நெய்யும் அறிந்தவர்க்கு இதன் இடர்ப்பாடு எளிதில் விளங்கும். எரிய எரியத் திரியின் நுனி கரிந்து கட்டிதட்டும், சுடர் சிறுக்கும், கரியைத் தட்டித் திரியைத் தள்ளிவிடாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். இரவும் பகலும் எரிய வேண்டிய விளக்கையே அடிக்கடி தூண்ட வேண்டும். இறைவனைப் பாடும்போது 'தூண்டாத சுடர்' என்பது பொருந்தும்; கோயில் விளக்கின் நெய்க்கு ஆடுகளைக் கொடையாக விட்டவர் அப்படி ஒரு விளக்கைக் கேட்டிருக்க மாட்டார்.

நந்துதலுக்குக் கெடுதல், அவிதல் என்னும் பொருள்கள் உண்டு. கன்னடத்திலும் விளக்கு அணைவதை 'நந்து' என்பர். அங்கே 'நொந்து' என்ற வடிவமும் உண்டு. தமிழில் நுதுத்தல் என்றால் அவித்தல். எனவே 'நுந்தா'வும் 'அவியா' என்றே பொருள்பட்டிருக்கலாம். 'தூண்டா' என்பது பின்னர் ஏறிய விளக்கமாகலாம். வளர்தல் என்ற பொருளும் நந்துதலுக்கு உண்டு என்பர். வளராத விளக்கை யாரும் கொடையளியார். மகிழ்ச்சி குறித்த வடசொல்லிலிருந்து வந்தது என்பார்க்கு 'நுந்தா', 'நொந்தா' வடிவங்களே போதிய மறுமொழி.

உண்மையான சிக்கல் பட்டினப்பாலையில் இருக்கிறது. அங்கே பொதியில் என்னும் பொது மன்றத்தில் கொண்டி மகளிர் (சிறைபிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர்) அந்தியில் ஏற்றும் விளக்கு 'நந்தா விளக்கு' எனப்படுகிறது. அவியாத விளக்கை அந்திதோறும் ஏற்றுவானேன்? இரவு முழுதும் அவியாதது என்று அமைதி கூறலாம். அது தவறன்று, ஆயினும் போதாது.

விடை கொடைக் கல்வெட்டிலேயே இருப்பதாகக் கருதுகிறேன். விளக்குக்கு நெய் தர விடப்பட்டவை 'சாவா மூவாப் பேராடு'. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. நாளொன்றுக்கு உழக்கு நெய். அந்த ஆடுகள் சாகும், மூக்கும். இடையன் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவான். தொகை குறையாது என்பதே 'சாவா மூவா'. நந்தா என்பதும் அவ்வாறே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது சுடரின் இயல்பைச் சொல்லவில்லை. அவியவிடக் கூடாது என்னும் கடப்பாட்டைச் சொல்கிறது. தூண்டாமை அத்தகைய கடப்பாடாக முடியாது, அது கவனமின்மையே.

கல்வெட்டு வழக்கைக் கொண்டு அதற்குப் பல நூற்றாண்டு முந்திய பாட்டுக்குப் பொருள் காண்பதில் எச்சரிக்கை தேவை. எனினும் அந்திதோறும் ஒரு கை வந்து ஏற்றியதால்தான் அப்பொதியிலின் விளக்கு நந்தாததாயிற்று என்று கொண்டால், அந்தியும் 'நந்தா'வும் முரணின்றி நிற்கின்றன.